பெரிதாக்கி ஒட்டுவதா, அளந்து அடுக்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோயில் காவடி அழைப்பிதழை அச்சிட மென்பொருள் எழுதுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு.

திரையில் தெரிவதைப் படமாக எடுத்துத் தாளுக்குப் பொருத்துவது எளிது. சில வரிகளில் முடியும். ஆனால் ஏ4 அகலம் திரையின் 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள்) கணக்கில் சுமார் 794 புள்ளிகள். 600 டிபிஐ அச்சுப்பொறியில் சுமார் 4,960. ஒன்று ஆறாகப் பெருகும்போது ‘ந்’ மேலுள்ள புள்ளி சதுரக் கட்டியாகிவிடுகிறது. பாட்டிமார் படிக்கும் தாளுக்கு இது ஆகவே ஆகாது.

மற்றது, அச்சிடக்கூடிய பரப்பை அச்சுப்பொறியிடமே கேட்டு, மில்லிமீட்டரில் மறுபடி அடுக்குவது. விண்டோஸில் ‘கெட்டிவைஸ்கேப்ஸ்’ (GetDeviceCaps) என்னும் நிரல் கட்டளை அந்தப் பரப்பைச் சொல்லும். அச்சேறாத ஓரத்தைக் கழிக்க மறந்தால் எல்லாமே வலப்புறமும் கீழேயும் நகரும். வரி உடையும் இடத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். உழைப்பு அதிகம்தான். தமிழ் எழுத்துக்கு நான் இதையே தேர்வேன். பார்த்ததும் எறியும் ரசீதுக்கு முதல் வழி போதும்.