டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் தொகுப்புகள்: நிறுவுவதைவிட நீக்குவதில்தான் சிக்கல்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பழைய மடிக்கணினியில் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டு ஓட்டுகிறவர்களுக்கு நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை இவை.

2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் நிறுவல் கோப்பிலேயே ஃபர்ம்வேர் (வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) இருப்பது பெரிய நிம்மதி. 11-இலிருந்து மேம்படுத்தியவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டதால், சோர்சஸ் பட்டியலில் (தொகுப்புகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் கோப்பு) பழைய 'நான்-ஃப்ரீ' பிரிவு மட்டும் இருந்தால் போதாது. 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்பதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே நிற்கும், எச்சரிக்கையைக் கவனிக்காதவருக்குத் தெரியவே தெரியாது.

வைஃபை எழவில்லை என்றால் முதலில் கெர்னல் லாகை (இயங்குதள மையத்தின் பதிவேட்டை) பாருங்கள். 'பிழை -2' என்றால் கோப்பு இல்லை என்று பொருள். ஆனால் இன்டெல் டிரைவர் உயர்ந்த பதிப்பிலிருந்து கீழிறங்கித் தேடுவதால், நாலைந்து -2 வரிகளுக்குப் பின் ஒரு பதிப்பு ஏறியிருந்தால் கவலை வேண்டாம். தொகுப்பை இறக்கவே இணையம் இல்லையா? கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்தல்) போடுங்கள். அதற்குத் தனி ஃபர்ம்வேர் தேவையில்லை.

அடுக்குமாடி வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் அதிகம், 5 கிகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். 'வயர்லெஸ்-ரெக்டிபி' (நாடுவாரி வைஃபை விதிகள் அடங்கியது) தொகுப்பு இல்லாவிட்டால் நாட்டுக் குறியீடு பொதுவான 00-இலேயே நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களுக்குக் கட்டுப்பாடு விழும். அதை நிறுவி, நாட்டை எஸ்ஜி (சிங்கப்பூர்) என்று அமையுங்கள். ஆனால் புதிய இன்டெல் அட்டைகளில் நாட்டை ஃபர்ம்வேரே முடிவு செய்வதால் நாம் கொடுப்பது எடுபடாது.

இனி நீக்கம். ஏப்ட் பர்ஜ் (தொகுப்பை அதன் அமைப்புக் கோப்புகளோடு நீக்கும் கட்டளை) கொடுத்ததும் எல்லாம் போய்விட்டதாக நினைப்பது தவறு. லிப் ஃபர்ம்வேர் (/lib/firmware) அடைவிலிருந்து கோப்பு போகும், சிப்பின் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியது போகாது. வெறும் ரீபூட்டில் இன்டெல் புளூடூத் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும், அதனால் முழுதாக அணைத்து மின்சாரத்தைத் துண்டித்துப் பிறகு போடுங்கள். கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேரின் பிரதி இனிட்ராம்எஃப்எஸ்-க்குள்ளும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத்தொகுதி) இருக்கும். அதைத் திரும்ப உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை ஓடி முடிந்ததா என்று பாருங்கள். பூட் பிரிவு நிரம்பியிருந்தால் அது பாதியில் நின்றுவிடும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பை நீக்கவே வேண்டாம், அடுத்த பூட்டில் வரைகலைத் திரை வராமல் போகும்.

கையால் நகலெடுத்த கோப்புகளை ஏப்ட் தொடாது. அதிலும் ஃபர்ம்வேர் அடைவின் கீழுள்ள 'அப்டேட்ஸ்' துணை அடைவைக் கெர்னல் முதலில் தேடும். அங்கே பழைய கோப்பு கிடந்தால், தொகுப்பை எத்தனை முறை புதுப்பித்தாலும் பழையதே ஏறும். டெபியனின் தொகுப்புக் கருவியான டிபிகேஜி-க்கு -எஸ் (பெரிய எழுத்து) கொடுத்தால் எந்தக் கோப்பு எந்தத் தொகுப்புக்கு உரியது என்று காட்டும். உரிமையில்லாத கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

எஃப்டபிள்யூஅப்டி (சாதனங்களின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் கருவி) வழியாகப் பயாஸ் அல்லது எஸ்எஸ்டி-க்கு எழுதியது வேறு வகை. அது சாதனத்தின் ஃபிளாஷிலேயே பதிந்துவிடுவதால் தொகுப்பை நீக்கி மீட்க முடியாது. 'டவுன்கிரேட்' கட்டளையைச் சில சாதனங்களே ஏற்கும், ஆகவே எழுதுவதற்கு முன்பே பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டா என்று பார்த்துவிடுங்கள்.