பம்ப்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்: பராமரிப்பு மென்பொருள் வாங்கும் முன்

பராமரிப்பு மென்பொருள் விற்கும் எந்த நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையை எடுத்தாலும் எல்லாக் கட்டத்திலும் ‘உண்டு’ என்றே இருக்கும். சொத்துப் பதிவேடு உண்டு, தடுப்புப் பராமரிப்பு உண்டு, ஸ்டோர்ஸ் உண்டு, மொபைல் ஆப் உண்டு. பெரிய ஆலைகளுக்கான ஐ.பி.எம். மேக்ஸிமோவுக்கும் மாதச் சந்தாவில் கிடைக்கும் ஒரு சின்ன ஆப்புக்கும் அந்த அட்டவணையில் வித்தியாசமே தெரியாது. தெரிவதெல்லாம் வேறு இடங்களில்தான்: கழற்றி வேறு இடத்தில் மாட்டிய இயந்திரத்தின் வரலாறு எங்கே போகிறது, தள்ளிப்போன தடுப்புப் பராமரிப்பு (பி.எம்.) அடுத்த தேதியை என்ன செய்கிறது, இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் ஒரு ஒர்க் ஆர்டரை (ஒரு வேலைக்கான பதிவுச் சீட்டை) முடித்து மூட எவ்வளவு பாடுபடுகிறார். இந்த மதிப்பீடு அவற்றைப் பற்றியது.

முதலில் பம்ப். பி-101ஏ என்பது ஓர் இடம். அங்கே உட்கார்ந்திருக்கும் பம்ப், தனக்கென்று ஒரு வரிசை எண் கொண்ட தனிப்பொருள். சீல் (திரவம் வெளியேறாமல் தடுக்கும் பாகம்) கசிந்து அதைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புகிறார்கள். ஸ்டோர்ஸிலிருந்து மாற்று பம்ப் ஏறுகிறது. பழுது பார்த்த பழைய பம்ப் மூன்று மாதம் கழித்து பி-205பி-யில் போய் உட்காருகிறது. இப்போது இரண்டு வரலாறுகள் தேவை. 101ஏ-யில் ஏறுகிற பம்ப் எல்லாம் சீல் போகிறதென்றால் குற்றம் பம்ப்பில் இல்லை. உறிஞ்சு குழாயில், அலைன்மென்டில், அடித்தளத்தில் தேட வேண்டும். அதே பம்ப் எங்கே போனாலும் சீல் போகிறதென்றால் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். இடத்தையும் பொருளையும் ஒரே பதிவாகப் போட்ட மென்பொருளில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

நிதி, கொள்முதல் எல்லாம் ஓடும் பெரிய நிறுவன மென்பொருளான எஸ்.ஏ.பி. இதை முறையாகப் பிரிக்கிறது. ஃபங்ஷனல் லொகேஷன் (இடம்) தனி, எக்விப்மென்ட் (பொருள்) தனி. மாட்டிய தேதி, கழற்றிய தேதி எல்லாம் காலவரிசையில் நிற்கும். மேக்ஸிமோ இன்னும் ஒரு படி மேல். அதன் ‘ரொட்டேட்டிங் அசெட்’ ஏற்பாட்டில் பம்ப் ஒரே நேரத்தில் ஸ்டோர்ஸ் பொருளும் சொத்தும். அலமாரிக்குத் திரும்பினால் இருப்பில் ஒன்று கூடும். வரிசை எண்ணின் வரலாறும் அறுபடாது. மோட்டார், கியர்பாக்ஸ், வால்வ் எனச் சுழற்சியில் ஓடும் பொருள்கள் நிறைய உள்ள ஆலைக்கு இது ஒன்றே மேக்ஸிமோவை எடுக்கப் போதுமான காரணம். முன்பு இன்ஃபோர் ஈ.ஏ.எம். என்ற பெயரில் இருந்து 2021-இல் ஹெக்ஸகன் கைக்குப் போன ஹெச்.எக்ஸ்.ஜி.என். ஈ.ஏ.எம்.மும் ‘பொசிஷன்’, ‘அசெட்’ என்று இரண்டையும் பிரித்தே வைக்கிறது. சிறிய ஆப்களில் பெரும்பாலும் தாய்-சேய் மரம் மட்டும் இருக்கும்; சேயை வேறு தாய்க்கு மாற்றினால் பழைய ஒர்க் ஆர்டர்களும் கூடவே போய்விடுகிறதா என்று பாருங்கள். டெமோவில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “கடந்த இரண்டு ஆண்டில் 101ஏ-யில் இருந்த பம்ப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடியது, ஒரே திரையில் காட்டுங்கள்.”

மரத்தை எவ்வளவு ஆழமாகக் கட்டுவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 14224 தரநிலை தொழில்துறையில் தொடங்கி உதிரிபாகம் வரை 9 அடுக்கு சொல்கிறது. அது எண்ணெய், எரிவாயுத் துறையின் நம்பகத்தன்மைத் தரவுக்காக எழுதியது. எல்லா ஆலையும் ஒன்பதாவது அடுக்கு வரை இறங்கத் தேவையில்லை. தனி பி.எம். உண்டா, தனியாகச் செலவுக் கணக்கு வேண்டுமா, கழற்றி வேறு இடத்தில் மாட்டுவார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது சொத்து இல்லை, பாகப்பட்டியலில் ஒரு வரி.

அடுத்தது பி.எம். தேதி. 30 நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை 12 நாள் தாமதமாக முடிகிறது. முடித்த நாளிலிருந்து எண்ணினால் அடுத்தது இன்னும் 30 நாள் கழித்து. அசல் அட்டவணையை விடாமல் பிடித்தால் 18 நாளிலேயே வந்துவிடும். ஆயில் மாற்றத்துக்கு முதல் கணக்கே சரி. நேற்று மாற்றிய ஆயிலை 18 நாளில் கொட்டுவது வீண். சட்டப்படியான பரிசோதனைக்கு இரண்டாவதுதான். இல்லையென்றால் ஒவ்வொரு தாமதமும் சேர்ந்து சேர்ந்து, ஆண்டுப் பரிசோதனை 14 மாதத்துக்குப் போய் நிற்கும். ஆகவே இந்தத் தெரிவு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்த மென்பொருளுக்கும் ஒரே விதி என்றால் அதை அங்கேயே கைவிடலாம்.

மேக்ஸிமோவில் இது ஒரு டிக் பெட்டி. ஹெச்.எக்ஸ்.ஜி.என்.னில் ஃபிக்ஸ்டு (அசல் அட்டவணைப்படி), வேரியபிள் (முடித்த நாளிலிருந்து) தவிர டூப்ளிகேட் என்று மூன்றாவது வகையும் உண்டு. முந்தையது முடிந்ததோ இல்லையோ அது அடுத்ததை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். எஸ்.ஏ.பி.யில் ‘ஷிஃப்ட் ஃபேக்டர்’ என்று சதவீதமே கொடுக்கலாம்: 100 என்றால் தாமதம் முழுவதும் அடுத்த தேதியில் ஏறும், 0 என்றால் ஏறாது, 50 என்றால் பாதி. அருமையான வசதி, ஆனால் இதோடு டாலரன்ஸ் (எவ்வளவு விலகலைப் பொறுப்பது), கால் ஹொரைஸன் (சுழற்சியில் எத்தனை சதவீதம் கழிந்ததும் ஆர்டர் பிறக்க வேண்டும்) எல்லாம் சேர்ந்து வரும்போது, அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு ஏன் இந்த ஆர்டர் இன்று வந்தது என்று யாருக்கும் தெரியாத நிலை சாதாரணம். கால் ஹொரைஸனை 0-வில் விட்டால் ஓராண்டு கழித்துச் செய்ய வேண்டியதன் ஆர்டர் இன்றே பிறந்து பட்டியலை அடைத்துக்கொண்டு நிற்கும். 100 நாள் சுழற்சிக்கு 90 சதவீதம் என்று கொடுத்தால் 90-ஆவது நாளில் வரும்.

மாத, காலாண்டு, ஆண்டு பி.எம். மூன்றும் ஒரே வாரத்தில் விழும்போது என்ன ஆகிறது என்பதையும் விடாதீர்கள். மூன்று ஒர்க் ஆர்டர் வந்தால் இயந்திரத்தின் ஒரே பாதுகாப்பு மூடியை மூன்று முறை கழற்றச் சொல்கிறது என்று அர்த்தம். நடைமுறையில் ஃபிட்டர் ஒருமுறை கழற்றிவிட்டு மூன்றிலும் டிக் போடுவார். மேக்ஸிமோவில் ஜாப் பிளான்களுக்கு (வேலைப் படிகளின் பட்டியல்களுக்கு) 1, 3, 12 என்று வரிசை எண் கொடுத்தால் மூன்றாவது மாதம் காலாண்டு வேலையும் பன்னிரண்டாவது மாதம் ஆண்டு வேலையும் மற்றதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். எஸ்.ஏ.பி.யில் பேக்கேஜ் ஹைரார்கி அதே வேலையைச் செய்கிறது. இதை விளக்கும்போது சின்ன ஆப் விற்பவர் முகத்தில் குழப்பம் தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஓட்ட மணிக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மீட்டர் பழுதாகிப் புதிது மாட்டினால் 9,998-இலிருந்து 12-க்கு எண் இறங்கும். மென்பொருள் அதை மீட்டர் மாற்றமாக ஏற்காவிட்டால், பதிவை மறுக்கும், அல்லது 500 மணி பி.எம். பல மாதம் வரவே வராது. டெமோவிலேயே குறைந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஒர்க் ஆர்டரை மூடும் திரைதான் தரவு பிறக்கும் இடம். பழுதுக் குறியீட்டுப் பட்டியலில் 60 வரி இருந்தால் எல்லாரும் ‘இதர’ என்பதைத்தான் அழுத்துவார்கள். ஆறு மாதம் கழித்து வரும் அறிக்கையில் ஆலையின் முதன்மைப் பழுது ‘இதர’ என்று வரும். மேக்ஸிமோவின் ஃபெயிலியர் கிளாஸ், எஸ்.ஏ.பி.யின் கேட்டலாக் புரொஃபைல் இரண்டும் பம்ப் என்றால் பம்ப் பழுதுகளை மட்டும் காட்டச் செய்யும். கருவி இருந்தும் அமைக்கும்போது சோம்பல்பட்டு எல்லா வகைக்கும் ஒரே பட்டியலை மாட்டுவதே வழக்கமாக நடப்பது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரம் நின்ற நேரம், வேலை தொடங்கிய நேரம், மீண்டும் ஓடிய நேரம் மூன்றும் தனித்தனிப் புலங்களாக இருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் மாற்றிய நேரத்தையே பழுது நேரமாக எடுக்கும் மென்பொருளில், ஷிஃப்ட் முடியும் சமயம் மொத்தமாக மூடிய ஆர்டர்கள் எல்லாம் எட்டு மணி நேரப் பழுதாகிவிடும். அதிலிருந்து வரும் எம்.டி.டி.ஆர். (சராசரிப் பழுது நீக்க நேரம்) எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஆஃப்லைன் சோதனையை விற்பவரின் கையில் விடக் கூடாது. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் வைத்து ஒரு ஆர்டரைத் திறந்து, இரண்டு படம் எடுத்து, ஒரு ஸ்பேரை எடுத்ததாகப் பதிந்து மூடுங்கள். அதே சமயம் இன்னொருவர் கணினியில் அதே ஆர்டரின் முன்னுரிமையை மாற்றட்டும். பிறகு இணைப்பைக் கொடுங்கள். எது ஜெயித்தது, தோற்றது எங்கே போனது, யாருக்காவது தகவல் வந்ததா? சத்தமில்லாமல் ஒன்றை விழுங்கும் ஆப் மூன்றே மாதத்தில் நம்பிக்கையை இழந்து, ஆள்கள் பாக்கெட் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

லைசென்ஸும் அடித்தளமும் கொஞ்சம் சுருக்கமாக. மேக்ஸிமோவின் பழைய 7.6.1 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025 செப்டம்பரோடு முடிந்தது. அடுத்து வருவது மேக்ஸிமோ அப்ளிகேஷன் சூட், அது ரெட் ஹேட் ஓபன்ஷிஃப்ட் என்ற கன்டெய்னர் தளத்தின் மேல் ஓடுகிறது. சொந்த சர்வரில் வைக்க நினைப்பவர்கள் ஓபன்ஷிஃப்டை நிர்வகிக்கத் தெரிந்த ஆளையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். லைசென்ஸ் ‘ஆப்பாயின்ட்ஸ்’ என்ற பொதுத் தொகுப்பிலிருந்து கழியும். மூன்று ஷிஃப்டில் மாறி மாறி நுழைபவர்களுக்கு ஒரே நேரப் பயனர் முறை மலிவு, நாள் முழுக்கத் திரையில் இருக்கும் பிளானருக்குப் பெயர் சார்ந்த முறை மலிவு. எஸ்.ஏ.பி. தன் பழைய தலைமுறை மென்பொருளான ஈ.சி.சி. 6.0-இன் புதிய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கு வழக்கமான ஆதரவு 2027 வரை என்று சொல்லியிருக்கிறது. இப்போது அதில் பராமரிப்புப் பகுதியைப் புதிதாகக் கட்டுவது இரட்டைச் செலவு. நிதியும் கொள்முதலும் ஏற்கெனவே எஸ்.ஏ.பி.யில் ஓடுகிற இடத்தில் வேறொன்றை வாங்கி இன்டர்ஃபேஸ் கட்டுவதைவிட, திரைகள் அலுப்பூட்டினாலும் அதன் பராமரிப்புப் பகுதியையே எடுப்பது நல்லது. ஒரே ஆலை, இருபது முப்பது டெக்னீஷியன், ஸ்டோர்ஸ் கணக்கு வேறு மென்பொருளில் என்றால் மெயின்டெயின்எக்ஸ், லிம்பிள், ஃபிக்ஸ் போன்ற சின்ன ஆப்கள் போதும். பெரியவற்றை அங்கே இறக்கினால் அமைப்பதிலேயே ஆண்டு போய்விடும். ஓடூ என்ற வணிக மென்பொருளின் பராமரிப்புப் பகுதி கோரிக்கைகளைக் கண்காணிக்கச் சரி, மேலே சொன்ன பி.எம். நுணுக்கங்களுக்கு இல்லை.

எதை வாங்கினாலும் ஸ்டோர்ஸ் தரவைச் சுத்தம் செய்வதுதான் நீண்ட வேலை. 6205 பேரிங் (உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.) ‘6205 2ஆர்எஸ்’, ‘6205-2ஆர்எஸ்1’, ‘பேரிங் 6205 சீல்டு’ என்று மூன்று குறியீட்டில் கிடக்கும், மூன்றிலும் குறைந்தபட்ச இருப்பு வைத்து மூன்று மடங்கு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்காக எண்ணை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் அதைவிட மோசம்: இசட்இசட் உலோகக் கவசம் கொண்டது, 2ஆர்எஸ் ரப்பர் சீல் கொண்டது, சி3 என்றால் உள் இடைவெளி கூடுதல். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றினால் சில இடத்தில் சூடாகும், சில இடத்தில் தூசி ஏறும். இந்தப் பிரிப்பை மென்பொருள் விற்பவரின் தரவுக் குழுவிடம் விடாமல், ஃபிட்டரும் ஸ்டோர்கீப்பரும் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

பழைய ஒர்க் ஆர்டர்கள் அனைத்தையும் புதியதில் ஏற்ற வேண்டியதில்லை. படிக்க மட்டும் எங்காவது இருந்தால் போதும். திறந்திருக்கும் ஆர்டர்கள், மீட்டர் எண்கள், ஒவ்வொரு பி.எம்.மும் கடைசியாக முடிந்த தேதி கட்டாயம். கடைசித் தேதியை விட்டுவிட்டால் தொடங்கிய முதல் நாளே எல்லா பி.எம்.மும் ஒன்றாகப் பிறக்கும்.

ஒப்பந்தத்தில் 99.5 சதவீத இயக்க நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம் நிற்கலாம் என்று பொருள், 99.9 என்றால் சுமார் 9 மணி. திட்டமிட்ட நிறுத்தம் இந்தக் கணக்கில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளியேறும்போது தரவு எந்த வடிவில் வரும் என்ற பிரிவையும் படியுங்கள். எக்செல்லில் ஒர்க் ஆர்டர் பட்டியலை எல்லாரும் தருவார்கள். இணைத்த படங்கள், பரிசோதனைச் சான்றுகள், யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு ஆகியவற்றை எந்த ஆர்டருக்கு எந்தக் கோப்பு என்ற தொடர்போடு தருகிறார்களா என்பதுதான் கேள்வி. கையெழுத்துப் போடும் முன், சோதனைக் கணக்கில் பத்து ஆர்டரைப் படங்களோடு ஏற்றி, முழு ஏற்றுமதி ஒன்றைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள்.