தண்ணீர் நிற்கிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு: எங்கள் வீட்டுக் குழாய்களோடு 12 வருடம்

சென்னை மடிப்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டி 2013 தை மாதம் பால் காய்ச்சினோம். கீழே நாங்கள், மாடியில் மாமாவும் அத்தையும். கட்டும்போது கொத்தனார் வேலை, மர வேலை, கரண்ட் வேலை எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பிளம்பிங்கை மட்டும் யாரும் நின்று பார்க்கவில்லை. குழாய் தரைக்குள் போனது, மேலே டைல்ஸ் ஒட்டினார்கள், சரி, முடிந்தது என்று விட்டுவிட்டோம். அன்று பார்க்காத வேலையைத்தான் அதற்கப்புறம் தவணை முறையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அடைத்துக்கொண்டது சமையலறை சிங்க். குடிவந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்காது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் வரிசையாகச் செய்தேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் ஆப்ப சோடாவும் வினிகரும். இரண்டும் சேர்ந்து பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். உண்மையில் அவை ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். இட்லி மாவும் எண்ணெயும் கஞ்சியும் சேர்ந்து இறுகிய பிசுக்கை அது அசைக்கவே இல்லை. மூன்றாவதாகக் கடையில் அடைப்பு நீக்கும் பவுடர் பாக்கெட் வாங்கினேன். அது காஸ்டிக் சோடா. தேங்கிய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் போட வேண்டுமாம். நான் நிற்கிற தண்ணீரிலேயே கொட்டினேன். ஒரு பாக்கெட் போதாதென்று இன்னொன்றும். அது கீழே படிந்து, எண்ணெயோடு சேர்ந்து சோப்புக் கட்டிபோல இறுகிவிட்டது. அதுவரை சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்ததும் நின்றது.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு பிளம்பரை அனுப்பினார். ஐம்பது வயது இருக்கும். வந்தவர் சிங்கைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "பவுடர் கிவுடர் போட்டீங்களாம்மா?" ஆமாம் என்றதும் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் அவர் கையில்தான் கொட்டியிருக்கும், தோல் வெந்து போயிருக்கும். அன்றிலிருந்து யார் வந்தாலும், என்னென்ன ஊற்றினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டில் ஒரு முறை ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் போட்டு, குளோரின் வாயு கிளம்பி, வீடே இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தது. இவை இரண்டும் ஒரே பாத்ரூமில் சேரவே கூடாது.

எங்கள் சிங்குக்கு அடியில் இருந்தது, வளையம் வளையமாக யானைத் தும்பிக்கை மாதிரி இருக்குமே, அந்த வேஸ்ட் பைப். நடுவில் தொங்கி, தொங்கிய இடத்தில் எண்ணெய் தேங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் மாவு ஒட்டியிருந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பாட்டில் டிராப்பும் ஒன்றரை இஞ்ச் வழுவழுப்பான பிவிசி பைப்பும் போட்டார். பொருளும் கூலியும் சேர்த்து 900 ரூபாய். அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அடைத்தது. பாட்டில் டிராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே வாளி வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழுவிவிடுகிறேன். வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், விருந்தினர் பாத்ரூம் முழுக்கச் சாக்கடை நாற்றம். பினாயில், கற்பூரம், பாத்ரூமில் தொங்கவிடும் வாசனைப் பாக்கெட், எதற்கும் அடங்கவில்லை. அதே பிளம்பருக்குப் போன் செய்தேன். "அந்த ஜல்லிக்குள்ள ஒரு மக்கு தண்ணி ஊத்துங்கம்மா, அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்றார். ஜல்லி என்றது தரையில் தண்ணீர் போகிற வாய் மேல் இருக்கிற ஓட்டைத் தட்டை. கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. ஜல்லிக்கு அடியில் இருக்கிற நஹானி டிராப் என்கிற கிண்ணத்தில் இரண்டு இஞ்ச் அளவுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத பாத்ரூமில் அது வெயிலுக்கு வற்றிப் போயிருக்கிறது. இப்போது ஊருக்குப் போகும்போது ஒரு மக்கு தண்ணீரும் மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போகிறேன். எண்ணெய் படலமாக மிதப்பதால் சீக்கிரம் வற்றுவதில்லை.

ஃபிளஷ் டேங்க் கதையும் இதே ஜாதிதான். மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு முறை போட்டது போய் இரண்டு முறையானது. சம்ப்பில் கசிவு என்று ஒருவர் சொன்னார், மேல் டேங்கில் விரிசல் என்று இன்னொருவர் சொன்னார். நம்ம பிளம்பர் ஃபிளஷ் டேங்கைத் திறந்து நாலு சொட்டு நீலம் விடச் சொன்னார், துணிக்குப் போடுகிற அதே சொட்டு நீலம். இருபது நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யக்கூடாது. போய்ப் பார்த்தால் கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் நைந்து, சத்தமே இல்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்திருக்கிறது. வாஷர் 60 ரூபாய்.

ஆனால் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது 2017-ல், ஹால் சுவர் விஷயத்தில்தான். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே ஹால் சுவரில் ஈரம். பெயிண்டர் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ஃப்ரூஃப் பூச்சு அடித்தார். ஆறு மாதத்தில் மறுபடி உப்புப் பூத்தது. இன்னொரு முறையும் அடித்தோம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 11,000 ரூபாய் சுவரில் பூசினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் ஆப்பில் பதிவு செய்து ஒரு கம்பெனி ஆட்களை வரவழைத்தோம். சீருடை போட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பத்தே நிமிடம் பார்த்தார்கள். மாடி பாத்ரூம் தரை முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், 45,000 ஆகும் என்று டேப்லெட்டில் காட்டினார்கள்.

நம்ம பிளம்பர் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு நாள் டைம் குடுங்கம்மா" என்றார். பென்சிலால் ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். மாடி பாத்ரூமை யாரும் புழங்கக்கூடாது, ஆனால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கட்டும் என்றார். மாமாவும் அத்தையும் கீழே வந்து குளித்தார்கள். இரண்டு நாளில் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை, ஓரத்தில் கொஞ்சம் காயவும் தொடங்கியது. தண்ணீர் வருகிற குழாய் கசிந்தால் நாள் முழுக்கக் கசியும், ஆள் புழங்கினாலும் புழங்காவிட்டாலும். ஆக, வருகிற லைன் நன்றாக இருக்கிறது, போகிற வழியில்தான் கோளாறு. மூன்றாம் நாள் காலையில் பாத்ரூம் ஜல்லியைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரையில் ஒரு இஞ்ச் தண்ணீர் தேக்கி, அதிலும் சொட்டு நீலம் விட்டார். மத்தியானம் வரை சுவரில் ஒன்றும் இல்லை. தரை தப்பித்தது. அப்புறம் வாஷ்பேசினில் நீலம் கலந்த தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார். சாயங்காலம் பென்சில் கோட்டுக்கு வெளியே வெளிர் நீலமாக ஒரு திட்டு.

பேசினிலிருந்து வருகிற பைப்பைச் சுவருக்குள் இருக்கிற பைப்பில் சும்மா செருகியிருந்தார்கள். நடுவில் ரப்பர் வளையம் இல்லை. யார் முகம் கழுவினாலும் ஒரு கை தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் போயிருக்கிறது, நாலு வருடமாக. வளையம் 40 ரூபாய். மூன்று நாள் வந்து போனதற்கு அவர் கேட்ட கூலி 1,200; நாங்கள் 2,000 கொடுத்தோம்.

இதைச் சொன்னதால் பழைய பிளம்பர்தான் எப்போதும் சரி, கம்பெனி ஆட்கள் எப்போதும் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் நடந்தது நேர்மாறு. வீட்டிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகிற நாலு இஞ்ச் மெயின் லைன், முப்பது அடி நீளம். அது மாதத்துக்கு ஒரு முறை அடைக்க ஆரம்பித்தது. நம்ம பிளம்பர் சேம்பரைத் திறந்து மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்துவார், திறந்துகொள்ளும், அடுத்த மாதம் மறுபடி அடைக்கும். கடைசியில் அவரே கைவிட்டு, "முப்பது அடியும் தோண்டி மாத்திடலாம்மா" என்றார்.

அந்த நேரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. டேங்க் நிறைந்திருக்கலாம் என்று லாரிக்குச் சொன்னோம். லாரியோடு வந்த ஒருவர், குழாய் எட்டாத மூலையில் அடிவண்டல் இருக்கிறது, உள்ளே இறங்கி வாரிவிடுகிறேன் என்று கைலியை மடித்துக் கட்டினார். அத்தை பதறிப்போய் வேண்டாம் என்று கத்திவிட்டார். அந்தக் குழிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் மயங்கி விழுவார். இப்படி ஆளை இறக்குவதை 2013-ம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. செத்துப்போகிறவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலைமை இருக்கிறதே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எங்கள் வண்டல் அப்படியே கிடக்கட்டும் என்று லாரியை அனுப்பிவிட்டோம்.

அடைப்பு எடுக்கும் மெஷினும் கேமராவும் வைத்திருக்கிற ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தோம். அங்கிருந்து வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்பிரிங் கம்பியைச் சுழலவிட்டு முதலில் அடைப்பை எடுத்தான். வந்தது ஈரத் துடைப்புத் தாள், பேரப்பிள்ளைகள் வரும்போது வாங்குவது. தண்ணீரில் கரையாத சமாச்சாரம் அது. என் பழைய பிளம்பராக இருந்தால் இதோடு கிளம்பியிருப்பார். இந்தப் பையன் கேமராவை உள்ளே விட்டான். பதினெட்டாவது அடியில், காலியாக இருக்க வேண்டிய பைப்பில் பாதி அளவுக்குத் தண்ணீர் நின்றது. சாக்கடைக் குழாய் அடிக்குக் கால் இஞ்சாவது சரிந்துகொண்டே போக வேண்டும். எங்கள் ஏரியா ஏரிக்கரைக் களிமண்; மேலே கொட்டி நிரப்பிய மண் வருடங்கள் போகப் போக அமுங்கி, குழாய் அந்த இடத்தில் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. துடைப்புத் தாளாவது போய்ச் சேர்ந்திருக்கும், அந்தத் தொட்டில் இல்லாவிட்டால். அந்த இடத்தில் மட்டும் ஆறு அடி தோண்டி, கீழே கருங்கல் ஜல்லி கொட்டிக் கெட்டித்து, புது பைப் போட்டு மூடினோம். கேமராவுக்கும் மெஷினுக்கும் 4,500, தோண்டிய வேலைக்குத் தனியாக 7,000. தோண்டியது நம்ம பழைய பிளம்பர்தான். கேமராத் திரையை அவர் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் மடிப்பாக்கத்துக்காரர் யாரும் எழுதி முடிக்க முடியாது. 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி, தெருவில் தண்ணீர் வருவதற்கு முன்பே கீழ் வீட்டு டாய்லெட்டில் குமிழ் விட ஆரம்பித்தது. செப்டிக் டேங்க் மூழ்கினால் அதிலிருப்பது வீட்டுக்குள்தான் திரும்பும். மணல் நிரப்பிய சாக்கைக் கோப்பைக்குள் அழுத்தி வைத்துச் சமாளித்தோம். மறு வருடமே சேம்பரில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டோம். தண்ணீர் வெளியே போகத் திறக்கும், உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும் ஒரு மடல், அவ்வளவுதான். இனி பயமில்லை என்று ஏழு வருடம் இருந்தோம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வால்வு சொன்னபடி மூடிக்கொண்டது, வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஆனாலும் கீழ் பாத்ரூம் ஜல்லியில் தண்ணீர் பொங்கியது. வால்வு பழுதென்று திட்டிக்கொண்டே கால் மணி நேரம் இறைத்தோம். அப்புறம்தான் உறைத்தது: மாடியில் மாமா குளித்துக்கொண்டிருந்தார். மடல் மூடியிருந்தால் வெளித் தண்ணீர் உள்ளே வராது, சரி. நம் தண்ணீரும் வெளியே போகாதே. மேலிருந்து இறங்குவதெல்லாம் இருப்பதிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாக வந்துதான் ஆகும். வால்வு போட்டவர் யாரும் இதைச் சொல்லவில்லை. இப்போது பெருமழை எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக மாடிக்குப் போய், "இன்னைக்கு ஃபிளஷ், குளியல் எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் கோபம் வருகிறது.

வினிகரை மேலே ரொம்பத் திட்டிவிட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய் முனையில் இருக்கிற வலையும் ஷவர் ஓட்டையும் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடுகிறது. அதன் இடம் அதுதான் போலிருக்கிறது.

இப்போதைக்குத் தீராமல் இருப்பது ஒன்றுதான். மாடியில் புது வாஷிங் மெஷின் வாங்கியதிலிருந்து, துணி துவைக்கும்போதெல்லாம் கீழ் பாத்ரூம் ஜல்லியில் நுரை வருகிறது. அத்தை சோப்பு அதிகமாகப் போடுகிறார் என்று நான் சொல்கிறேன். போனிலேயே கேட்டுக்கொண்ட பிளம்பர் அதை ஏற்கவில்லை. மாடியில் காற்றுப் போக்கிக் குழாயின் வாய் மூடியிருக்கிறதா, அணில் கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.