மூக்கில் நிற்காத கூலிங் கிளாஸ்: 2 கோடைக்குப் பிறகு

போன வாரம் ஆபீஸில் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "அக்கா, உங்க கண்ணாடிக்கு 40 பர்சன்ட் தள்ளுபடி போட்டிருக்கான். வாங்கிடவா?" பதில் சொல்வதற்கு முன்னால் வயிறு எரிந்தது. முழுசாக 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியவள் நான்.

கம்பெனி பெயர் வேண்டாம். பாட்டு, ஓவியம், மேடை என்று எல்லாவற்றிலும் கை வைத்த ஒரு கலைஞரோடு சேர்ந்து போட்ட டிசைன். இது புது வழக்கமும் இல்லை, அமெரிக்கப் பாடகர் ஃபாரெல் வில்லியம்ஸ் 2004-லேயே ஜப்பானிய டிசைனர் நிகோவுடன் சேர்ந்து லூயி வித்தோனுக்குக் கண்ணாடி வடிவமைத்தார். என் கண்ணாடியைப் போட்ட கலைஞரின் பாட்டு என்றால் எனக்குப் பைத்தியம். பெயரைப் பார்த்ததும் கார்டைத் தேய்த்துவிட்டேன்.

முதல் மே மாதமே குட்டு உடைந்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தடித்த பிரேம், டெல்லியின் 45 டிகிரி வெயில், என் சப்பை மூக்கு. மயூர் விஹார் மெட்ரோவில் படியேறி முடிப்பதற்குள் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். விரலால் மேலே தள்ளுவேன். நாலு படி. மறுபடியும். கம்பி பிரேம் என்றால் மூக்குப் பட்டையை வளைத்துக்கொள்ளலாம். இதில் பிரேமிலேயே செதுக்கிவிட்டார்கள், அதுவும் எடுப்பான மூக்குக்காரர்களை மனதில் வைத்து. "டிசைனே அப்படித்தான் மேடம்" என்றார்கள் ஷோரூமில். காதோரம் வேர்வை பட்டுப் பட்டு கறுப்பு வெளுத்துப் பூத்துவிட்டது. உட்புறம் பொறித்திருந்த கலைஞரின் கையெழுத்தில் இப்போது மிச்சம் முதல் எழுத்தும் கடைசிச் சுழியும்தான்.

கடைசியில் காப்பாற்றியது பல்லிமாரான். உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு இருக்கிற அதே பழைய டெல்லித் தெரு. கண்ணாடிக் கடைகளுக்குப் பேர் போனது. ஒரு பெரியவர் பிரேமைச் சூடான காற்றில் காட்டி, காதுப் பக்கம் கொஞ்சம் இறக்கி வளைத்தார். அசிடேட் பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் வருவது, சூட்டுக்கு வளைந்து கொடுக்கும். மூக்குப் பக்கம் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு சிலிகான் பட்டை ஒட்டினார். 120 ரூபாய். "என்ன விலைக்கு வாங்கினது?" என்று கேட்டார். "கிஃப்ட்" என்று புளுகினேன். நழுவல் நின்றது. பார்க்கத்தான் பல்லி முட்டை ஒட்டியது மாதிரி இருக்கிறது. வெயில் ஏறினால் பசை விட்டுவிடும். நேற்று போனது மூன்றாவது தடவை.

லென்ஸைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400, மூன்றாம் வகைக் கருமை, அதாவது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் மட்டும் உள்ளே வரும். பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்டு வகை இல்லை, அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் போன் திரை இருட்டாகாது. எதிரே வரும் கார்க் கண்ணாடியின் பளபளப்பு கூசும், அது வேறு கதை. பழுப்பு லென்ஸ் நீலத்தை அதிகம் வடிகட்டும். சாயங்காலம் மெட்ரோ இந்திரப்பிரஸ்தாவை விட்டு யமுனா பேங்க் போகிற வழியில் ஆற்றைக் கடக்கும்போது நான் இதைக் கழற்றுவதில்லை. பெட்டியில் நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும். அந்தச் சாக்கடைக் கறுப்பு, ஆடியில் புதுத்தண்ணி வந்த காவிரி மாதிரிச் செம்பழுப்பாக ஓடும். நுரைகூட வெள்ளத்து நுரையாகத் தெரியும். கழற்றினால் மறுபடி யமுனை.

தம்பியிடம் சொல்லிவிட்டேன்: 40 இல்லை, 60 பர்சன்ட் தள்ளினாலும் வாங்காதே.

"அப்ப உங்களோடதை எனக்குத் தள்ளிவிட்டுடுங்க அக்கா."

தர மாட்டேன் என்றேன். அடுத்த முறை பல்லிமாரான் போகும்போது பெரியவரிடம் அந்தப் பட்டையில் நாலு ஜோடி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.