பேனா அருமை, போர்டு அருமை, அந்த வயர் துளை மட்டும்…

பெரியம்மா மகள் அடுத்த மாதம் கிராபிக் டிசைன் படிக்கச் சேருகிறாள். நான் வைத்திருக்கும் அதே பேனா டேப்லெட், அதாவது கணினியில் வரைய உதவும் போர்டும் பேனாவும், இப்போது 300 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். "அக்கா, வாங்கலாமா?" என்று போனில் கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. பினாங்கில் கொம்தார் கட்டடத்தின் பக்கம் இருக்கும் ரிப்பேர் கடையிலிருந்து போர்டை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து அப்போதுதான் மேசையில் வைத்திருந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் அந்தப் போர்டுக்கும் நியாயம் இல்லை, அவளுக்கும் நியாயம் இல்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

திரை இல்லாத போர்டு, நடுத்தர அளவு, பேட்டரி வேண்டாத பேனா. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். எந்த நிறுவனம் என்று தங்கச்சிக்குத் தெரியும். மற்றவர்கள் பக்கவாட்டில் மைக்ரோ யூஎஸ்பி துளை உள்ள எந்தப் போர்டை வாங்க நினைத்தாலும் இதைப் படித்துவிட்டு யோசிக்கலாம்.

முதலில் இது எனக்குச் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன்.

பேக்கேஜிங் பாடத்தில் உள்ளூர்த் தின்பண்டம் ஒன்றுக்குப் புதிய உறை செய்ய வேண்டும் என்று இடுபணி கொடுத்தார்கள். நான் எடுத்தது கச்சாங் பூத்தே. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி நம் ஆட்கள் விற்கிற அதே கடலைதான். உறையின் முகப்பில் பெரிதாக ஒரே சொல், கடலை. க பாதி கோடு, ட முழுக்க மூலை, லை வந்தால்தான் சொல் உருளும். அந்த லையைப் பழைய வடிவத்தில், யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்டு எழுத ஆசைப்பட்டேன். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு லை, ளை, ணை, னை நான்கையும் அப்படித்தான் எழுதினார்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய பஞ்சாங்கம் முழுக்க அந்த லைதான். கணினியில் வழக்கமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வரைந்துதான் ஆக வேண்டும்.

மவுஸை வைத்து வரைந்தால் என்ன ஆகும் என்று வரைந்தவர்களுக்குத் தெரியும். வளைவின் மேல் ஓரம், கீழ் ஓரம், இட ஓரம், வல ஓரம் என்று புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் வளைவை மாற்றுகிற கைப்பிடியையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். வட்டம் சுத்தமாக வரும், எழுத்து வராது. அந்தத் தும்பிக்கை மேலே எழும்பி, வளைந்து இறங்கி, ல-வின் சுழிக்குள் போய் ஒட்டுவது ஒரே இழுப்பு. கை நடுவில் நின்றால் நின்ற இடம் தெரிந்துவிடும்.

இங்கேதான் போர்டு என்னை அசத்தியது. பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, அந்தத் தாளைப் போர்டின் மேலேயே வைத்து ஒட்டினேன். தாளின் மேல் பேனாவை ஓட்டினால் திரையில் கோடு விழுகிறது! போர்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் அனுப்பும். பேனாவுக்கு பேட்டரி வேண்டாததும் அதனால்தான், நடுவில் ஒரு தாள் கிடந்தால் அதற்கு ஒன்றுமே ஆகாததும் அதனால்தான். விளம்பரத்தில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாத்தா படித்த பக்கத்தின் மேல் என் கை போகிறது, அந்த வளைவு உறையில் வந்து உட்காருகிறது. அன்று ராத்திரி சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

இப்படிச் செய்ய ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். என் போர்டின் வரையும் பரப்புக்கு அகல-உயர விகிதம் 16:10, மடிக்கணினியின் திரைக்கு 16:9. டிரைவரில், அதாவது போர்டைக் கணினியோடு இணைக்கிற மென்பொருளில், இந்த விகிதத்தைப் பூட்டாமல் விட்டால் தாளில் வட்டமாகப் போட்ட சுழி திரையில் பக்கவாட்டில் இழுபட்டுத் தட்டையாகும். ஆங்கில எழுத்து வரைகிறவர்களுக்கு O போன்ற ஒருசில எழுத்துகளில்தான் இது பளிச்சென்று தெரியும். நமக்கு ல, வ, ன, ண, ள என்று எல்லாவற்றிலும் தெரியும்.

முதல் கோட்டுருவத்தைக் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைவேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி அதில் நன்றாக இருக்கிறது. பிறகு புள்ளி வைத்து வரைகிற இங்க்ஸ்கேப் மென்பொருளில் வைத்து, அதற்கு மேலே ஓரங்களில் புள்ளி வைத்துச் சுத்தப்படுத்துவேன். இரண்டுமே இலவசம், மாணவர்களுக்கு அதுவே பெரிய உதவி. வளைவு எப்படிப் போக வேண்டும் என்று பேனா முன்பே காட்டிவிட்டதால், புள்ளி வைக்கும் வேலை சட்டென்று முடிந்துவிடும்.

எங்கள் விரிவுரையாளர் சீனர், தமிழ் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் அது எனக்குக் கவலையாக இருந்தது, இப்போது அதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். பொருளைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்ப்பார். தும்பிக்கை ஏன் உடம்பைவிட மெலிந்திருக்கிறது, ன-வுக்கும் ண-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம் என்றால் சின்ன அளவில் எப்படிக் கண்டுபிடிப்பது, கால் எங்கே முடிந்து ர எங்கே தொடங்குகிறது என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி மாளாது. போர்டை எடுத்து அவர் முன்னாலேயே ர-வின் கீழே அந்தச் சாய்கோட்டைப் போட்டுக் காட்டினால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். அழுத்தினால் தடிப்பு, விட்டால் மெலிவு. கனத்தை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று இந்தப் பேனாவில்தான் கற்றேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பைத் தனியாகத் தேடிப் பிடித்து மாற்றாவிட்டால் கொம்பும் காலும் கலைந்து, எழுத்து இடம் மாறிக் கிடக்கும். இது தெரியாமல் அச்சுக்குப் போன பதாகைகளை இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருப்போம். நாமே வரைந்த எழுத்தை எந்த மென்பொருளும் கலைக்க முடியாது. இங்குள்ள லெபு பாசார், லெபு பினாங்கு தெருக்களில் நடந்தால் கையால் எழுதிய பலகைக்கும் தட்டச்சு செய்த பலகைக்கும் உள்ள வித்தியாசம் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். தமிழ் எழுத்தோடு வேலை செய்யப்போகிற மாணவருக்குப் பேனா ஆடம்பரம் இல்லை, அடிப்படைக் கருவி என்று நான் நம்புவது அதனால்தான்.

இவ்வளவும் உண்மை. அப்புறம் அந்தத் துளை.

போன தைப்பூசத்துக்கு எங்கள் பகுதி இளைஞர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். அதற்கான சுவரொட்டியையே என் இடுபணியாக எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ரதம் வரும்போது சாலையில் குவித்து வைத்து உடைக்கிற தேங்காய்களைத்தான் படமாக எடுத்தேன். பிளந்த தேங்காய் மூடி ஒன்று, அதன் விளிம்பைச் சுற்றி 'தண்ணீர்ப் பந்தல்' என்ற எழுத்து. ஓடு கரடுமுரடு, பருப்பு வழவழப்பு, எழுத்து இரண்டுக்கும் நடுவில் ஓட வேண்டும். ண்ணீ அடுத்தடுத்து வருகிற இடத்தில் சுழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அச்சில் மை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு சுழிக்குள்ளும் நுழையும்போது அழுத்தத்தைக் குறைத்து, வெளியே வரும்போது ஏற்ற வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை.

மூன்றாவது சுழியில் போர்டின் விளக்கு அணைந்தது. கோடு அந்தரத்தில் நின்றது. வயரை லேசாகத் தொட்டேன், விளக்கு எரிந்தது. ஆனால் அழுத்தம் வரவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு. டிரைவரை மூடித் திறந்தால்தான் சரியாகும். திறந்து, திரும்ப ண-வின் முதல் சுழியிலிருந்து ஆரம்பித்தால் ணீயின் மேல்சுழியில் மறுபடியும் விளக்கு அணைகிறது. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய இரவு அது. இதைவிட மோசமான நேரத்தை அது தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இந்தக் குறை திடீரென்று வந்ததில்லை. துளை இருப்பது போர்டின் இடப்பக்க ஓரத்தில், வயர் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீபோர்டுக்குப் போகிற இடக்கை அதன் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். பையில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் அந்த ஓரம்தான் இடிபடும். போர்டைத் தலைகீழாகத் திருப்பி, டிரைவரில் இடக்கை முறைக்கு மாற்றியும் பார்த்தேன். வயர் வலப்பக்கம் போய், வரைகிற கையின் முழங்கைக்குக் கீழே கிடந்தது. அது இன்னும் தொல்லை.

நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எழுதினேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, துளையை மட்டும் மாற்ற மாட்டோம், முழுப் போர்டையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. பேனா நன்றாக இருக்கிறது, பரப்பு நன்றாக இருக்கிறது, சுருள்கள் நன்றாக இருக்கின்றன. நகக்கண் அளவு உலோகத் துண்டுக்காக எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.

கொம்தார் பக்கத்து ரிப்பேர் கடை அங்கிள்தான் திறந்து காட்டினார். மைக்ரோ யூஎஸ்பி துளை என்பது 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்ற அளவுகோலில் செய்யப்படுவது, துளையில் குறை இல்லை என்றார். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் துளைத்து இறங்குகிற கால்கள் இல்லாமல் மேலே ஈயத்தில் மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். வயரில் விழுகிற ஒவ்வொரு இழுப்பும் நேராக அந்த ஈயத்துக்குத்தான் போகிறது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஈயத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். 50 ரிங்கிட். சில மாதம் நன்றாக ஓடியது, பிறகு அதே கதை. இந்த முறை துளையைச் சுற்றி எபோக்சி பசையும் வைத்து அனுப்பியிருக்கிறார். கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பொறுமை, அவ்வளவு சுத்தமான வேலை. இதை உற்பத்தி செய்கிற இடத்திலேயே செய்திருந்தால் அதிகமாக எவ்வளவு செலவாகியிருக்கும்?

பேனா முனை தேய்வதைப் பற்றி நிறையப் பேர் புகார் சொல்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. பரப்பு தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்றால் முனை தேயத்தான் செய்யும். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து கூராகிவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த விளிம்பு பரப்பைக் கீறும். மாற்று முனை விலையும் அதிகமில்லை. என் போர்டின் நடுப்பகுதி கொஞ்சம் வழவழப்பாகிவிட்டது, அங்கே மட்டும் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆக, தங்கச்சி, கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நல்ல சாமான். என் போர்ட்ஃபோலியோவில் நான் பெருமையாகக் காட்டுகிற ஒவ்வொரு பக்கமும் இதில் வரைந்ததுதான். 300 ரிங்கிட்டுக்குள் இப்படிப் பேனா, இப்படிப் பரப்பு கிடைப்பது பெரிய விஷயம். ரிப்பேர் செலவைக் கூட்டினாலும் திரையுள்ள டேப்லெட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கண் திரையிலும் கை கீழேயும் இருப்பது கொஞ்ச நாளில் பழகிவிடும். கழுத்தும் குனியாமல் தப்பிக்கும்.

இருந்தாலும் வாங்காதே. இந்த மாடலை வாங்கவே வாங்காதே. ண-வின் நடுவில் கோடு அறுந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. குறை தெரிந்தும் அதே துளையோடு விலையை மட்டும் இறக்கி மாணவர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது. நான் வைத்திருப்பதை யாருக்கும் தரமாட்டேன், இதே மாடலுக்கு இன்னொரு ரிங்கிட்டும் தரமாட்டேன்.

கொஞ்சம் கூடுதலாகப் பணம் போட்டு டைப்-சி துளை உள்ளதாகப் பார். துளை பின்பக்கம் நடுவில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் வேண்டாம். எல் மாதிரி மடங்கிய தலையுள்ள வயர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடு. அளவு நடுத்தரத்துக்குக் கீழே போகாதே, சின்னதில் மணிக்கட்டு மட்டும்தான் அசையும், நம் எழுத்துக்கு முழங்கையிலிருந்து கை வர வேண்டும். கடையில் வாங்கினால் காட்சிக்கு வைத்திருக்கும் போர்டில் வயரைச் செருகி, நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டே இன்னொரு கையால் வயரை ஆட்டிப் பார். கோடு நின்றால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போ.