வீட்டில் செய்த எல்இடி பின்விளக்கு: மாரியும் கிரவல் தூசியும் பார்த்த பிறகு

ஆட்டோ எஞ்சின் வைத்து வீட்டில் கட்டிய காருக்கு மின்சாரம் எப்போதும் தட்டுப்பாடுதான். 21 வாட் பிரேக் பல்ப் இரண்டும் எரிந்தால் 3.5 அம்பியர் போய்விடும். அதே வேலையை, 24 சிவப்பு எல்இடி வீதம் பதித்த இரண்டு விளக்குகள் கால் அம்பியருக்குள் முடித்துவிடும். முன்விளக்கை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். எச்4 பல்புக்கென்று (வழக்கமான ஹலோஜன் முன்விளக்கு பல்ப்) வளைத்த கண்ணாடிக்குள் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் வீதியில் விழாது, எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும்.

பட்டரி 12 வோல்ட் என்று கணக்குப் போடுவதுதான் வழக்கமான பிழை. எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு 2 வோல்ட். நாலைத் தொடராக வைத்தால் 8, மிச்சம் 6.4 வோல்ட்டுக்கு 330 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் (ஓட்டத்தை மட்டுப்படுத்தும் தடை) போட்டால் 19 மில்லி அம்பியர் ஓடும். ஐந்தாகக் கோர்த்து ரெசிஸ்டரை 220 ஆக்கவும் செய்யலாம், ஆனால் பட்டரி 12க்கு இறங்கியதும் ஓட்டம் 9 மில்லி அம்பியராகி வெளிச்சம் பாதியாகும். நாலாக வைத்தால் அப்போதும் 12 மில்லி அம்பியர் நிற்கும். இப்படி ஆறு வரிசை, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர். ஆறுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டால் ஏதோவொரு வரிசை மற்றதன் பங்கையும் இழுத்து முதலில் கருகும், பிறகு அடுத்தது.

பிரேக் வயரும் பார்க் லைட் வயரும் ஆளுக்கொரு 1என்4007 டையோட் (ஓட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வழியாக, எல்இடி பதித்த ஒரே பலகைக்கு வரட்டும். பார்க் வழியில் மட்டும் கூடுதலாக 270 ஓம், அரை வாட். வரிசைக்கு 3 மில்லி அம்பியர் கிடைக்கும். நடுப்பகல் வெயிலில் 30 மீட்டர் பின்னால் நின்று, பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் மங்கலாக இருந்தால் 270ஐ 470 ஆக்குங்கள்.

கண்ணாடி போல் தெளிந்த 5 மில்லிமீட்டர் எல்இடி நேரே பார்த்தால் கண்ணைக் குத்தும்; சற்று விலகினால் காணாமல் போகும். பின்னால் உயரத்தில் இருக்கும் டிராக்டர்காரருக்கு அது தெரியாது. எல்இடியின் தலையை 400 நம்பர் மண்தாளில் தேய்த்தால் வெளிச்சம் பரவும். சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்இடி போடுவது வீண்வேலை: அதில் சிவப்பொளி குறைவு, மூடி மிச்சத்தை விழுங்கிவிடும்.

இதுவரை சொன்னது ஒரு பின்னேரத்து வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் விளக்கின் தரம் தெரியும். வினாகிரி வாசம் அடிக்கும் சிலிக்கோனால் மூடியை ஒட்டினால் அது விடும் அமிலம் வெரோபோட்டின் (எல்இடி பதித்த, செம்புக் கோடு போட்ட துளைப்பலகை) செம்பைப் பச்சையாக்கி அரிக்கும். வாசமில்லாத சிலிக்கோனைக் கேட்டு வாங்க வேண்டும். ஈயம் வைத்த பக்கத்துக்கு நகப்பூச்சு இரண்டு தடவை. முழுக்க அடைத்துவிடவும் கூடாது. சூடான விளக்கில் மழை பட்டதும் உள்ளே காற்று சுருங்கி, எங்காவது ஒரு கீறல் வழியே ஈரத்தை உறிஞ்சும். அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விட்டால் நீர் வடிந்துவிடும். அந்தத் துளையைக் கோடையில் கிரவல் (சரளைமண்) தூசி அடைக்கும். மாரிக்கு முன் ஊசியால் குத்திவிடுங்கள்.

தார் போட்ட ஏ9 நெடுஞ்சாலையில் ஓடுவதற்கும் உள்வீதி கிரவலில் ஓடுவதற்கும் ஆயுள் ஒன்றல்ல. அலை அலையான ரோட்டில் அதிர்ந்து வயர் அறும், அதுவும் ஈயம் முடிகிற அதே இடத்தில், ஏனென்றால் ஈயம் ஏறிய இழைகள் விறைத்துவிடும். வயரை அந்த இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பே பலகையோடு கட்டிவிட வேண்டும்.

சிக்னல் போட்டதும் பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்கினால் விளக்கைக் கழற்ற வேண்டாம், ஏர்த் (மைனஸ் இணைப்பு) பாருங்கள். பெயின்ட் அடித்த சட்டத்தில் போல்ட் முடுக்கியது ஏர்த் ஆகாது. பட்டரியின் மைனஸிலிருந்து தனிக் கறுப்பு வயர் இழுப்பதே நல்லது. பட்டரி முனை ஆடினாலும் ஆபத்துண்டு: திடீர் உயர் மின்னழுத்தம் எல்லா வரிசையையும் ஒரேயடியாகத் தின்னும். விளக்கு வயரில் 2 அம்பியர் பியூஸும், அதற்குப் பின் அந்த வயருக்கும் ஏர்த்துக்கும் குறுக்கே, அத்தகைய உயர் மின்னழுத்தத்தை உறிஞ்சும் 18 வோல்ட் டிவிஎஸ் டையோட் ஒன்றும் இருக்கட்டும்.

செம்மஞ்சள் சிக்னலுக்கும் இதே நாலு, 330 கணக்குத்தான். சிக்னலை மினுக்கும் பழைய பிளாஷர் பல்பின் பாரத்தை (அது இழுக்கும் ஓட்டத்தை) நம்பியது. எல்இடிக்கு ஒழுங்காகத் துடிக்காது. 6 ஓம் பார ரெசிஸ்டர் போட்டால் அது கிட்டத்தட்ட 30 வாட்டைச் சூடாக்கித் தொட்டதை உருக்கும், மிச்சம் பிடித்த மின்சாரமும் போகும். பாரம் தேவைப்படாத எலக்ட்ரொனிக் பிளாஷர் வாங்குவதே மலிவு.

ஒரு வரிசை மட்டும் அணைந்தால் அந்த நாலில் ஒன்றின் கால் விட்டிருக்கும். மல்டிமீட்டரின் டையோட் நிலையில் ஒவ்வொன்றாகத் தொட்டால் மங்கலாகவாவது எரியாததுதான் ஆள். நாலில் ஒன்று மட்டும் இருண்டு மற்ற மூன்றும் வழக்கத்தைவிடப் பளிச்சிட்டால் அது உள்ளே ஒட்டி ஷோர்ட் ஆகிவிட்டது. அன்றைக்கே மாற்றுங்கள்.