இரண்டு பகலுக்குத் தஞ்சாவூரா, கும்பகோணமா? மத்தியானத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி, சனி ஞாயிறு சுற்றிவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டிய தம்பதிக்குக் காவிரி டெல்டாவில் தங்குவதற்குப் பொருத்தமான ஊர்கள் இரண்டுதான்: தஞ்சாவூர், கும்பகோணம். இரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் அய்யம்பேட்டை, பாபநாசம் கடைவீதிகளில் எவ்வளவு நெரிசல் என்பதைப் பொறுத்தது. ஒன்றில் தங்கி மற்றொன்றை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்பதால், எங்கே அறை போடுவது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு தஞ்சாவூருக்கு.

இரண்டு ஊருக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் நல்ல சைவச் சாப்பாடு உண்டு, எல்லா விலையிலும் அறை உண்டு. இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் சென்னையிலிருந்து வரும் உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தைத் தாண்டித்தான் தஞ்சாவூருக்கு வரும். கோவைக்காரர்களுக்கு ஜன சதாப்தி இருக்கிறது, ஆனால் அது உச்சிவெயில் நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். விமானத்தில் வருபவர்கள் திருச்சியில் இறங்க வேண்டும். அங்கிருந்து தஞ்சாவூர் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம், கும்பகோணம் அதற்கும் அப்பால்.

முடிவைத் தீர்மானிப்பது மத்தியானம்தான்.

டெல்டாவில் உச்சிகாலப் பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு, சில இடங்களில் நாலரைக்கு. பயணத் திட்டம் போடுகிறவர்கள் பட்டியலில் எட்டுக் கோயில்களை எழுதி, நடுவில் இருக்கும் இந்த நாலு மணி நேரத்தை மறந்துவிடுவார்கள். பதினொன்றே முக்காலுக்கு ஒரு சன்னிதிக்கு ஓடி, அடுத்த கோயில் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு, டாக்ஸிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். திறந்த பிராகாரம் இருந்தாலும் பயனில்லை. கருங்கல் தரை அந்நேரத்தில் காலை வைக்க விடாது. தடித்த பருத்திச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருந்தால் காலை பத்து மணிவரை சமாளிக்கலாம், பன்னிரண்டுக்கு அதுவும் போதாது. ஆகவே, நடை சாத்தியிருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தஞ்சாவூரில் அந்த நேரத்துக்கு அரண்மனை வளாகம் இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஆட்டோவில் ஐந்து நிமிடம். வளாகம் ஒன்றானாலும் உள்ளே தர்பார் மண்டபம், கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகம் என்று பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். டிக்கெட்டும் தனித்தனி, சாப்பாட்டு இடைவேளையும் தனித்தனி. வாசலில் முதல் டிக்கெட் எடுக்கும்போதே எது எப்போது மூடும் என்று கேட்டுக்கொண்டு, முதலில் மூடும் இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைக் கேட்காமல் மணிக்கூண்டு, மாடி என்று ஏறி இறங்கிவிட்டு வருபவர்கள் கலைக்கூடத்தைத் தவற விடுவார்கள். தவற விடக்கூடாதது அதுதான். சரஸ்வதி மகால் பற்றி ஒரு எச்சரிக்கை: ஓலைச்சுவடிகள் நிறைந்த நூலகம் ஆய்வாளர்களுக்கானது, நாம் பார்ப்பது அதை ஒட்டிய சிறிய அருங்காட்சியகம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். வாரநாளில் வருபவர்கள் அதன் விடுமுறை நாளையும் விசாரித்துவிட்டு வருவது நல்லது.

கலைக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் இடம் இது. வரிசையாக நிற்கும் நடராஜர்கள் முன்னால்தான் எல்லோரும் கூடுவார்கள். அதை விட்டுவிட்டு, திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரை, அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனைத் தேடிப் போங்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த சிலை. தலையில் பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சற்றே மடக்கி, வலக்காலா இடக்காலா என்று யோசிக்க வைக்கும் ஒயிலில் நிற்பார். சாய்ந்து நிற்க வேண்டிய காளை காணாமல் போய்விட்டது, அதன்மேல் ஊன்ற வேண்டிய கை மட்டும் காற்றில் தங்கியிருக்கிறது. பக்கத்தில் தேவி. பின்பக்கம் சுற்றிப் போய்த் தோளிலிருந்து இடுப்புவரை முதுகுத்தண்டு வளையும் கோட்டைப் பாருங்கள். கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையுமாகத்தான் பார்க்க முடியும், இப்படிப் பார்க்க அருங்காட்சியகம்தான் வழி.

இப்படி வைத்துக்கொண்டால் முதல் நாள் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். காலை ஆறு மணிக்குப் பெரிய கோயில். வாசல் கிழக்குப் பார்த்தது, எழும் வெயில் நந்தி மண்டபத்தைத் தாண்டி நேராக விமானத்தின் முகத்தில் விழும். போட்டோவுக்கு அதுதான் நேரம். மாலையில் நந்திப் பக்கமிருந்து எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், முகம் கறுத்துவிடும். மாலை வெளிச்சத்தில் எடுக்க விரும்பினால் பின்பக்கமோ தென்மேற்கு மூலையோ போக வேண்டும். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைப் படித்துவிட்டு ஆசையோடு வருபவர்கள் உண்டு. பொதுமக்களை அங்கே விடுவதில்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எட்டரைக்கு வெளியே வந்து சிற்றுண்டி, கொஞ்சம் ஓய்வு, பத்தேகாலுக்கு அரண்மனை. ஒன்றரைக்குச் சாப்பாடு, அப்புறம் அறையில் தூக்கம். நாலரைக்கு மறுபடி கிளம்பலாம். இரண்டு பேர் மட்டும் போகும் பயணத்தில் இந்த மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்யாதீர்கள். தூங்காமல் சுற்றியவர்களுக்கு மாலை ஆறு மணிக்குச் சண்டை வரும்.

மாலைக்குத் திருவையாறு. பதின்மூன்று கிலோமீட்டர், டவுன் பஸ்ஸே போதும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைத் தாண்டித்தான் பஸ் ஊருக்குள் நுழையும். ஐயாறப்பர் கோயில், தியாகராஜர் சமாதி, படித்துறை, கடைத்தெருவில் சுடச்சுட அசோகா. அசோகாவை வாழையிலைத் துண்டிலோ கிண்ணத்திலோ வாங்கி அங்கேயே சாப்பிடுவது நல்லது. பாசிப்பருப்பும் நெய்யுமாக இருப்பதால் ஆறினால் இறுகிவிடும், ஊருக்குக் கட்டிக்கொண்டு போனால் அந்த ருசி வராது. திரும்பி வந்து எட்டு மணிக்குள் பெரிய கோயில் புல்வெளியில் அரை மணி நேரம் உட்காரலாம். அன்று பிரதோஷமா என்று மட்டும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். பிரதோஷமென்றால் நாலரையிலிருந்து ஆறரைவரை நந்தியைச் சுற்றி ஊரே திரண்டிருக்கும். அந்த அபிஷேகத்தைப் பார்க்கவே வருபவர்களுக்கு விசேஷம், அமைதி தேடி வருபவர்களுக்கு அல்ல.

இனி கும்பகோணத்தின் மத்தியானம். அங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறைகள், திருபுவனத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடை. மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் வேலையைச் சுவாமிமலையில் நேரில் பார்க்கலாம். ஆனால் சங்கடம் இரண்டு. வார்ப்பு தினமும் நடப்பதில்லை, நாம் போகும் நேரத்தில் பெரும்பாலும் அரத்தால் ராவும் சத்தம்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இருக்காது. இரண்டாவது, மூன்று இடமும் மூன்று திசையில் இருக்கின்றன. கார் இல்லாமல் முடியாது. டாக்ஸிக்காரர்கள் சொல்லும் வாடகை வழக்கமாக எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் கணக்கு. சுவாமிமலை, திருபுவனம், நாச்சியார்கோயிலோடு கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்தால் எண்பதைத் தாண்டிவிடும், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று கணக்கு ஏறும். ஏறும் முன் மொத்தத் தூரத்தைச் சொல்லிப் பேசிவிட வேண்டும். தஞ்சாவூர் மத்தியானத்துக்கு ஒரு ஆட்டோ போதும். கும்பகோணத்து மத்தியானத்துக்கு ஒரு நாள் வாடகைக் கார் வேண்டும்.

அதற்காகக் கும்பகோணத்தைக் குறைத்துப் பேசக்கூடாது. சில வகைத் தம்பதிகளுக்கு அதுதான் சரி. நவக்கிரகத் தலங்களுக்காக வருபவர்கள் அங்கேதான் தங்க வேண்டும், திருநாகேஸ்வரத்து ஞாயிறு ராகுகாலப் பூஜையெல்லாம் தஞ்சாவூரிலிருந்து ஓடிவந்து பார்ப்பதல்ல. கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர், தஞ்சாவூரிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு. மாலை நேரத்துக்கும் கும்பகோணம் ஒரு படி மேல். சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி, கும்பேஸ்வரர் என்று நடந்தே நாலு கோயில், நடுவில் பாத்திரக் கடைத்தெரு, வெற்றிலைக் கடை, மகாமகக் குளக்கரை. காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கடப்பா வேறு. ஆனால் கடப்பா எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போடுவதில்லை, முதல் நாளே கேட்டு வையுங்கள். காபியைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளை டபராவைப் படம் போட்டுக் கூப்பிடும் பலகைகளை வைத்து ஊரை எடைபோட வேண்டாம்.

ஆகவே நான் சொல்வது கும்பகோணத்தை விடுவதல்ல, அதை இரண்டாம் நாளுக்கு ஒதுக்குவது. ஞாயிறு விடியற்காலையிலேயே தஞ்சாவூர் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பி, எட்டு மணிக்குள் தாராசுரம். கும்பகோணத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். பெரிய கோயில் அளவால் அடிக்கிறது என்றால் தாராசுரத்து ஐராவதேஸ்வரர் கோயிலில் விரல் அளவுச் சிற்பங்களுக்காகக் குனிய வேண்டியிருக்கும். முன்மண்டபத்துத் தேர்ச்சக்கரம், யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் புடைப்பு, அடியில் வரிசையாக ஓடும் நாயன்மார் கதைகள். சாய்வெயில் இருக்கும்போதுதான் இவை துலக்கமாகத் தெரியும், பதினொரு மணிக்கு மேல் தட்டையாகிவிடும். மழை பெய்த மறுநாள் என்றால் முன்புறப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், வேட்டி புடவைக்காரர்கள் கவனம். பிறகு கும்பகோணத்தில் சாப்பாடு, திருபுவனத்துக்கு ஒரு ஆட்டோ, நாலரைக்குக் கோயில்கள், இரவு அங்கேயே ரயில்.

எந்த மாதம்? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். பிப்ரவரிக்கு மேல் போனால் காவிரி பெரும்பாலும் மணல்தான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை, நவம்பரில் புயல் பயமும் உண்டு. தண்ணீரும் ஓடி, வயலும் பச்சையாக இருந்து, வெயிலும் தணிந்திருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய. அதிலும் பொங்கல் வாரத்தையும் திருவையாறு ஆராதனை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், கச்சேரிக்கென்றே வருகிறீர்கள் என்றாலொழிய. சித்திரை, வைகாசியில் எந்த ஊர் என்று யோசிக்கவே வேண்டாம், வேறு மாதம் பாருங்கள்.

மூன்றாவதாகத் தரங்கம்பாடியைச் சொல்பவர்கள் உண்டு. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல், மாசிலாமணிநாதர் கோயில், அமைதி. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஆசை வருவது நியாயம். ஆனால் அரை நாளில் சுற்றி முடிகிற ஊர், மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சாலைப் பயணம் வேறு. மூன்றாவது பகல் கிடைத்தால் சேர்க்கலாம். வயல் நடுவில் இருக்கும் ஹோம்ஸ்டேக்களைப் பற்றி ஒன்றிரண்டை வைத்துப் பொதுவாகப் பேச முடியாது. சாப்பாடு, கொசுவலை, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர், இந்த மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அறை போடும்போது பஞ்சாங்கத்தைத் திறந்து முகூர்த்த நாள் பார்ப்பது அவசியம். கல்யாண கோஷ்டிகள் இரண்டு ஊரிலும் அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். கும்பகோணத்தில் கோயில் சுற்றுலாக் கூட்டமும் சேர்வதால் சனி இரவு இன்னும் கஷ்டம். உழவன் விடியும்போது தஞ்சாவூரில் இறக்கிவிடும், ஆனால் பல ஹோட்டல்களில் செக்-இன் மதியம் பன்னிரண்டுதான். இருபத்து நாலு மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜா என்று கேளுங்கள். இல்லையென்றால் குளிக்க மட்டுமாவது முன்கூட்டி அறை தருவார்களா என்று பேசி வையுங்கள். அடையாள அட்டை இருவருக்கும் தனித்தனியாக வேண்டும். தஞ்சாவூரில் புதிய பஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அதன் பக்கத்து விலை மலிவான அறைகளை விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்கும் பெரிய கோயிலுக்கும் நடுவில் பாருங்கள்.

டிக்கெட் அறுபது நாள் முன்னதாகத் திறக்கும். திரும்பும் டிக்கெட்டைக் கும்பகோணத்திலிருந்து போடுங்கள். அங்கிருந்து வெயிட்டிங் காட்டினால் தஞ்சாவூரிலிருந்து தேடுங்கள், கிடைத்தால் போர்டிங் பாயின்ட்டைக் கும்பகோணம் என்று சார்ட் தயாராகும் முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் கும்பகோணத்தில் ஏறினால், தஞ்சாவூரில் ஆள் வரவில்லை என்று டிடிஇ உங்கள் பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். பகல் முழுக்கப் பெட்டியை நிலையத்துக் கிளோக் ரூமில் விடுவதானால் அதற்குப் பூட்டு இருக்க வேண்டும், பூட்டாத பையை வாங்க மாட்டார்கள்.